ஒரு சிட்டிகை அடிமண்

கடலடியை வரைபடமாக்க வந்திருந்த மேகலாவின் சோனார் திரையில் அந்த இடம் மட்டும் பளீரென்று வெளுத்தது; அடியில் சகதியில்லை, கெட்டியாக ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். கீழே பவளப்பாறை என்று பதிவானால், படகோட்டி சிலுவையின் ஊர்க்காரர்கள் இனி அங்கே வலை போட முடியாது. அவர் மெழுகு தடவிய ஈயக்குண்டை இறக்கித் தூக்கி, ஒட்டியிருந்த சிட்டிகை மண்ணை வழக்கம்போல வழித்து நாக்கில் வைத்தார். அடியில் மணலா சகதியா பாறையா என்று சொல்வதில் காலையிலிருந்து அந்த நாக்கு ஒருமுறைகூடத் தவறவில்லை.

"வெறும் சகதி மேடம்."

சொல்லும்போதே அவர் பல்லிடுக்கில் நறநறவென்று கேட்டது.

"துப்புங்க அண்ணாச்சி, நான் பாக்கணும்."

"சகதில என்னத்தப் பாக்கப் போறிய?"

அவள் உள்ளங்கையை நீட்டினாள். சிலுவை அவளைப் பார்த்தபடியே விழுங்கினார். தொண்டையில் கீறியிருக்க வேண்டும். கண்ணில் நீர் முட்டியது.

"எழுதிக்கிடுங்க," என்றார்.