ஒற்றைக் காலில் நிற்காதவர்கள்

"விழுந்துடாதீங்க இவாகி சான்! சுவரைப் பிடிச்சுக்குங்க!"

மினெகிஷி ஓடிப்போய்த் தாங்குவதற்குள் இவாகி, தூக்கிய காலைக் கீழே வைத்துவிட்டார்.

"மன்னிச்சுடுங்க டீச்சர். சாகே குடிச்சாத்தான் ஆடும்னு நினைச்சேன். இப்பல்லாம் குடிக்காமலே ஆடுது."

வரிசையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். அவர்களும் சற்று முன் அப்படித்தான் ஆடி அசைந்து காலை இறக்கியிருந்தார்கள்.

ஜப்பானில் ஒரு மலையடிவார ஊரின் முதியோர் உடற்பயிற்சி வகுப்பு அது. மினெகிஷி உடலியக்க அறிவியல் படித்தவள். ஒற்றைக் காலில் நிற்க இடுப்பின் பக்கத் தசை வலுவாக வேண்டும், பாதம் தரையை உணர வேண்டும், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஒத்துழைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பயிற்சி கொடுத்திருந்தாள். உட்கார்ந்து எழும் பயிற்சியில் எல்லாருடைய தொடைகளும் ஜோராக வேலை செய்தன. சோதனை என்று வந்தால் மட்டும் ஒருவருக்கும் கால் நிற்பதில்லை.

"முகத்தைத் தூக்கி வச்சுக்காதீங்க டீச்சர்," என்றார் நோசே அம்மாள். "நாங்க என்ன கொக்கா?"

மினெகிஷி சிரிக்க முயன்றாள். இந்த முறையும் ஒருவர்கூடத் தேறாவிட்டால் வகுப்பை மூடிவிடுவதாக நகராட்சியில் சொல்லியிருந்தார்கள். முதியவர்கள் மனம் நோகக் கூடாதென்று அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் தெருமுனை ஜிசோ சாமிக்கு ஒரு ஆரஞ்சுப் பழம் வைத்து, 'ஒருத்தராவது நிக்கணும்' என்று மட்டும் வேண்டிக்கொண்டு வந்தாள்.

வகுப்பு முடிந்தது. இவாகி உள்ளே பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இனி மறைப்பதில் பொருளில்லை என்று, மற்றவர்களிடம் சொல்ல மினெகிஷி வாசலுக்கு வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நோசே அம்மாள் ஒற்றைக் காலில் நின்றபடி, மற்றக் காலில் பனிக்கால பூட்ஸை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு அசைவு இல்லை. முள்ளங்கி ஊறுகாய்க்கு எவ்வளவு உப்பு என்று பேச்சு வேறு. பக்கத்தில் நின்ற எல்லாருமே அப்படித்தான். சுவரை ஒருவரும் தொடவில்லை.

"நோசே சான்!"

"ஐயையோ!" பூட்ஸ் கை நழுவியது. "மெதுவா பேசுங்க டீச்சர், இவாகிக்குக் கேட்டுடப் போகுது."

"எல்லாரும் சேர்ந்து என்னை ஏமாத்தினீங்களா?"

"வேற வழியில்ல. தேறினா பட்டம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிடுவீங்க, அடுத்தவங்களுக்கு இடம் விடணும்னு. வசந்தத்துல இவாகியோட வீட்டுக்காரம்மா போய்ச் சேர்ந்துட்டாங்க. அவர் வாய் திறந்து பேசுறதே இங்கதான். பாவம், அவருக்கு இன்னும் கால் நிக்கல. நாங்கல்லாம் போயிட்டா யாரோட பேசுவார்?"

மினெகிஷிக்குக் கண் கலங்கியது. சிரிப்பும் வந்தது.

"நீங்க யாருமே தேறலன்னுதான் வகுப்பையே மூடப் போறாங்க!"

நோசே அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இப்பவே உள்ள வாங்க. எல்லாரும் ஒழுங்கா நின்னு காட்டுங்க. வகுப்பு நிலைச்சுடும். தேறினவங்களை எனக்கு உதவியாளர்களா வச்சுக்கிறேன், யாரும் பிரிய வேண்டாம். இவாகி சானுக்கு நீங்களே கைகொடுத்துப் பழக்குங்க."

"அதைச் சொல்லுங்க!" என்று நோசே அம்மாள் மாட்டிய பூட்ஸைக் கழற்றினார். "ஆனா நாங்க நடிச்சது அவருக்குத் தெரியவே கூடாது. தன்னாலதான்னு நொந்துடுவார்."

சரியென்று எல்லாரும் சத்தமில்லாமல் கூடத்தின் கதவைத் தள்ளினார்கள்.

உள்ளே இவாகி ஒற்றைக் காலில் நின்றபடி, தூக்கிய காலின் காலுறையை நிதானமாக இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். வாயில் ஒரு பழைய பாட்டு. கால் மரம்போல நின்றது.

கதவோரம் நின்றவர்களைப் பார்த்ததும், பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டுச் சட்டென்று சுவரைப் பிடித்து ஆடினார். யாரும் நம்பவில்லை என்று தெரிந்ததும் தலையைச் சொறிந்தார்.

"என்ன பண்றது டீச்சர்... இவங்க ஒருத்தருக்குமே கால் நிக்கலயே. இவங்களைத் தவிக்கவிட்டுட்டு நான் மட்டும் எப்படித் தேறிப் போறது?"