முகவரி சொல்லும் வாரம்

மகளிடம் மைக் வர இன்னும் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள்.

பெற்றவள் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரம் நின்றாள். முன்னால் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. உட்கார முடியவில்லை.

மேடையில் யு.கே.ஜி. பிள்ளைகள் தலையில் அட்டை வீடு மாட்டிக்கொண்டு நின்றார்கள். முகம் முழுக்க மூடியிருந்தது. இரண்டு ஜன்னல்களில் கண்கள் மட்டும்.

ஒவ்வொரு வீடாக முன்னால் வந்து, தன் பெயரையும் கதவு எண்ணையும் தெருவையும் சொன்னது. கைதட்டல் எழுந்தது.

இந்த வாரம் முழுக்க அதுதான் பாடம். புதன்கிழமைக்குள் மகள் தன்ஷிகாவுக்குத் தெருப்பெயர், பின்கோடு எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. குளிக்கும்போது சொன்னாள். சோற்றை வாயில் வைத்துக்கொண்டே சொன்னாள். ஓர் எண்கூடத் தப்பவில்லை.

கேட்கக் கேட்க, பெற்றவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை மாலை பள்ளியிலிருந்து வாட்ஸ்அப் வந்தது. நாளைய நிகழ்ச்சி ஃபேஸ்புக்கில் நேரலை. உறவினர்கள் அனைவருக்கும் பகிருங்கள்.

அவள் இரண்டு முறை படித்தாள்.

கரூரிலிருந்து, கணவனுக்குத் தெரியாமல், பிள்ளையோடு திருப்பூருக்கு வந்து எட்டு மாதம். அவன் முறித்த இடது மணிக்கட்டு இன்னும் சரியாக மடங்குவதில்லை. ஒவ்வொரு பள்ளியின் ஃபேஸ்புக் பக்கமாகத் திறந்து மகளைத் தேடிக்கொண்டிருக்கிறான் என்று போன வாரம்தான் அக்கா போனில் சொன்னாள்.

மிஸ்ஸிடம் சொல்லலாம். ஆனால் வீட்டுக்காரர் துபாயில் என்று அட்மிஷனின்போதே சொல்லி வைத்திருந்தாள்.

லீவு போட்டுவிடலாம் என்று நினைத்தாள். விடிந்து பார்த்தால், பிள்ளை யூனிஃபார்மோடு அட்டை வீட்டையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

வரும் வழியில் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினாள்.

"கண்ணு, மைக் குடுத்தா ஒன்னுமே சொல்லாத. பேருகூடச் சொல்லக் கூடாது."

"ஏம்மா? எனக்கு எல்லாந் தெரியுமே."

"தெரியும் சாமி. அம்மாவுக்காக."

தன்ஷிகா பள்ளி வாசல் வரைக்கும் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். கதவு எண் போலத்தான் கேட்டது.

இன்னும் இரண்டு பேர்.

மேடைக்குக் கீழே ஸ்டாண்டில் ஒரு செல்போன் நின்றது. அது எடுப்பதை அவள் தன் போனில் திறந்து வைத்திருந்தாள். பார்ப்பவர்கள் நூற்றுப் பதினெட்டு.

நூற்றுப் பத்தொன்பது.

அவர்களும் முடித்தார்கள். தன்ஷிகாவின் சிவப்புக் கூரை போட்ட வீடு முன்னால் வந்தது.

ஜெசிந்தா மிஸ் மைக்கைத் தாழ்த்திப் பிடித்தார்.

"சொல்லு தங்கம்."

வீடு பேசவில்லை.

"உம் பேரு என்ன?"

ஒலிபெருக்கியில் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. சின்ன மூச்சு. வேகமான மூச்சு. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

மிஸ் குனிந்தார். பெயரை எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தார்.

அவள் சுவரிலிருந்து விலகி ஓரடி வைத்தாள்.

சிவப்புக் கூரை இடமும் வலமும் ஆடியது. பலமாக ஆடியது. பிறகு தானே பின்னால் நகர்ந்து, மைக்கைப் பக்கத்து வீட்டின் பக்கம் தள்ளிவிட்டது.

பக்கத்து வீடு கணீரென்று ஆரம்பித்தது.

நிகழ்ச்சி முடிந்து பிள்ளைகள் வெளியே ஓடி வந்தார்கள். எல்லார் கையிலும் நட்சத்திர ஸ்டிக்கர். தன்ஷிகாவின் கையில் இல்லை.

"கிளாஸ்ல இவதாங்க எல்லாத்துக்கும் முன்னாடி சொல்லுவா. மேடையப் பாத்துப் பயந்துட்டா போல" என்றார் மிஸ். "வீட்ல நாலு பேருகிட்டப் பேசப் பழக்குங்க."

"சரிங்க மிஸ்."

வராந்தாவில் மண்டியிட்டு அட்டையைக் கழற்றினாள். உள்ளே பிள்ளையின் முகம் வேர்வையில் நனைந்திருந்தது. கீழுதட்டில் இரண்டு பல் தடங்கள். ஒன்றில் ரத்தம் கசிந்தது.

அவள் துப்பட்டா நுனியால் ஒற்றினாள். பிள்ளை முகத்தைச் சுளிக்கவில்லை. அவள் காதருகே வந்தது.

"இப்பப் பேசலாமாம்மா?"

அவள் வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.