கியர்பாக்ஸ் போச்சு

"வண்டி தங்கம்க்கா," என்று பானெட்டை மூடினார் மெக்கானிக். "பழைய சின்ன காருன்னு சொல்லவே முடியாது. ஆயில் மட்டும் ஒழுங்கா மாத்தினா இன்னும் பத்து வருஷம் ஓடும். செலவே வைக்காது."

மகள் வாசலை எட்டிப் பார்த்தாள்.

"அப்பாகிட்ட அப்படிச் சொல்லாதீங்கண்ணா. இனி தேறாது, தள்ளிவிட்டுடுங்கன்னு சொல்லுங்க."

"ஏன்க்கா, அடிமாட்டு விலைக்கு நீங்களே அமுக்கப் போறீங்களா? பெத்தவர்க்கா!"

"பாவம் என் தலையில. சொல்லுங்க."

அப்பா வந்துவிட்டார். மெக்கானிக் தரையைப் பார்த்துக்கொண்டே ஒப்பித்தார்.

"கியர்பாக்ஸ் போச்சு சார். ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுக்குது. பிரேக்கும் சரியில்ல. ரிப்பேருக்குக் கொட்டுற காசுல வேற வண்டியே வாங்கிடலாம்."

வாடிப்போகும் என்று அவள் பயந்திருந்த அப்பாவின் முகம் மலர்ந்தது.

"அப்ப கோளாறு வண்டியிலதானா! போன வாரம் கேட்டுல இடிச்சேன். நேத்து பேத்தியை ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வரும்போது, குறுக்க வந்த சைக்கிள் மேலயே ஏத்தியிருப்பேன். என் கண்ணுதான் போச்சோன்னு நினைச்சேன்மா!"

இனி அவர் வண்டி ஓட்டக் கூடாது என்று கண் டாக்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை அப்பாவின் முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் இல்லாமல்தான் அவள் மெக்கானிக்கைக் கூட்டி வந்திருந்தாள்.

"தம்பி, நாளைக்கே நல்ல வண்டியா ஒண்ணு பார்த்துடு," என்றார் அப்பா உற்சாகமாக. பிறகு மகளின் தோளைத் தட்டினார். "நல்லவேளை, இவரைக் கூட்டிட்டு வந்தே. இனிமே ஸ்டியரிங்கையே தொடறதில்லைன்னு இன்னைக்கு உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்!"