பக்கத்து ஷெட் சத்தம்

பக்கத்து ஷெட்டில் பிரஸ் மெஷின் இடித்த இடியில் வேதமூர்த்திக்குத் தன் குரலே கேட்கவில்லை. காது கேளாதவர்களுக்கான கருவி செய்ய மானியம் கேட்டிருந்த சின்னக் கம்பெனியைப் பார்வையிட, கும்மிடிப்பூண்டிக்கு வந்திருந்தார். வந்ததுமே ஓனர் ஜோஷ்வா அவர் சட்டையில் ஒரு குட்டி மைக்கை மாட்டிவிட்டான். வீடியோ எடுக்கத்தான் என்று நினைத்துக்கொண்டார்.

"எத்தனை பேர் வேலை செய்றாங்க?"

"இன்னா சார்?" என்று காதருகே கையை வைத்தான் ஜோஷ்வா.

"ஆறு பேரு சார்," கணீரென்று சொன்னாள் சூப்பர்வைசர் செண்பகம்.

"பேட்டரி எவ்வளவு நேரம் நிக்கும்?"

"இன்னா சார்?"

"ஒரு ஷிப்ட் தாங்கும் சார்." அதற்கும் செண்பகம்தான்.

கேட்டதற்கெல்லாம் அவளே டக்டக்கென்று பதில் சொன்னாள். வேதமூர்த்தி ஃபைலை மூடிவிட்டு ஜோஷ்வாவின் காதில் கத்தினார்.

"எல்லாம் சரி. ஆனா காது கேக்காத ஒருத்தர் இதைப் போட்டுப் பாத்தாத்தான் கையெழுத்துப் போடுவேன்."

ஜோஷ்வா சிரித்துக்கொண்டே அவர் சட்டையிலிருந்த மைக்கைக் கழற்றி அணைத்தான். "இப்ப செண்பகத்தக் கேளுங்க சார்."

"ஏம்மா, எப்ப கூட்டிட்டு வருவீங்க?"

செண்பகம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"மைக்க ஆன் பண்ணுங்க சார். இவ்ளோ நேரம் நீங்க பேசறது கண்ணாடியில எழுத்தா வந்துக்கினு இருந்துச்சு. இப்ப ஒண்ணும் வரல."

வேதமூர்த்தி மைக்கை வாங்கித் தானே ஆன் செய்து, வாயருகே வைத்துக்கொண்டார்.

"பேனா இருந்தா குடும்மா."