ரிவர்ஸ் ஹாரன்

புது வண்டியின் நாலு டயரிலும் நசுங்கிய எலுமிச்சம்பழம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பிக்கப். ஏரிக்குள் முழங்கால் சேற்றில் இறங்கி, மண்ணோடு மேடேறி வரும் என்று சொல்லித்தான் விற்றிருந்தார்கள். வெள்ளானூர் செங்கல் சூளைக்காரர் எத்திராஜ், பூஜை போட்ட கையோடு அதை வேலப்பன்சாவடிக்கு, சுலைமான் பாயின் பட்டறைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"சொல்லுங்க பாய். மொதல்ல இன்னா மாட்லாம்?"

கேள்வி பாய்க்கு. ஆனால் வாய் துறுதுறுத்தது செங்கல்வராயனுக்கு. அவன் சூளையில் கல் ஏற்றுகிறவன். வண்டி ரிவர்ஸ் வரும்போதெல்லாம் பின்னால் நின்று 'வர்லாம், வர்லாம், ஓல்டான்' என்று குரல் கொடுப்பதும் அவன்தான். ஒன்றே ஒன்று கேட்க வேண்டும் என்று பின்தட்டில் குலுங்கியபடி வழி நெடுக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தான்.

பாய் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். முன்னால் கனமாக ஒரு இரும்பு பம்பர் என்றார். பாரம் தாங்க ஸ்பிரிங்குக்கு இன்னொரு பட்டை. டயரை மாற்றியே ஆக வேண்டும், இந்த வழவழப்புக்கு ஏரிச் சேற்றில் வண்டி பரதநாட்டியம் ஆடும்.

வண்டி ஓட்டுகிற சம்பத், எத்திராஜின் மச்சினன். அவனுக்கு மேலே வரிசையாக விளக்கு வேண்டும், டேப்ரிகார்டர் வேண்டும்.

"வெளக்கு, பாட்டு... வண்டியாடா இது, கல்யாண மண்டபமா?" என்றார் எத்திராஜ்.

எல்லோரும் சிரித்த நேரம் பார்த்துச் செங்கல்வராயன் சொன்னான்.

"ரிவர்ஸ் ஹாரன் ஒண்ணு மாட்டுங்க மொதலாளி. பின்னாடி போவச் சொல்ல அதுவா கத்துமே, அது."

"முன்னாடி போறதுக்கு வாங்குன வண்டிடா. பூஜை போட்ட அன்னிக்கே பின்னாடி போறதப் பத்திப் பேசுது பாரு, மூதேவி."

"இவன் தொண்ட இருக்கச் சொல்ல ஹாரன் இன்னாத்துக்கு மாமா?" என்றான் சம்பத். "ஹாரனுக்கு ஒயர் இழுக்கணும். இவனுக்கு ஒரு டீ ஊத்துனா போதும்."

"சின்ன சாமான்தான் மொதலாளி. ஒரு பீடி பத்தவைக்கிற நேரத்துல மாட்டிடலாம்" என்றார் பாய்.

எத்திராஜ் வெற்றிலைச் சாற்றைப் புளிச்சென்று துப்பினார்.

"சூளையில பசங்க ஓடிகினே கீதுங்க மொதலாளி..."

"ஓடுச்சுங்கன்னா கட்டிப் போடச் சொல்லு."

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. பம்பர் முடிவாயிற்று, பட்டை முடிவாயிற்று. சம்பத் கெஞ்சி ஒரு விளக்கும் வாங்கிவிட்டான்.

எத்திராஜுக்கு என்ன தோன்றியதோ, செங்கல்வராயனின் தோளில் கை போட்டார். அவர் அப்படிப் போடுகிறவர் இல்லை.

"என்னக் கல்லுன்னு நெனச்சிக்காத. உனக்கும் ஒண்ணு யோசிச்சு வச்சிகீறேன்."

பெயிண்டரைக் கூப்பிட்டார். பின்கதவில் பேர் எழுதச் சொன்னார்.

"கொழந்த பேரா மொதலாளி?"

"கொழந்த பேருதான்." செங்கல்வராயன் பக்கம் திரும்பினார். "இன்னாடா பேரு, உன் பொண்ணுக்கு?"

"அஞ்சலை."

சொன்ன பிறகுதான் அவனுக்குப் புரிந்தது.

"கன்னியா செத்தது, பெயிண்டரே. நம்ம பழைய வண்டி ஏறித்தான் செத்துச்சு. அது வேற எங்க போவும்? இனிமே நம்ம வண்டிக்கு அதான் காவல்." எத்திராஜ் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நிஜமான பக்தி. "துணைன்னு சேத்து எழுது. பின்னாடியே எழுது. ரிவர்ஸ் எடுக்கச் சொல்ல அதுவே பாத்துக்கும்."

செங்கல்வராயனின் குடிசையில் கூரை மூங்கிலில் அவளுடைய பாவாடை மடித்துச் செருகியிருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் அதன் கீழே விளக்கு வைத்து, வீட்டுக் கன்னி என்று அவன் பெண்டாட்டி கும்பிட்டாள்.

பழைய வண்டியை அன்றைக்கு ரிவர்ஸ் எடுத்தவன் சம்பத். பின்னால் நிற்கச் செங்கல்வராயன் இல்லை. எங்கே போயிருந்தான் என்று அப்போதும் யாரும் கேட்கவில்லை, அப்புறமும் யாரும் கேட்கவில்லை.

'அஞ்சலை துணை' பின்கதவில் சிவப்பாக, ஈரமாக மின்னியது.

"வெயில்ல நிறுத்துடா, காயட்டும்" என்றார் எத்திராஜ்.

சம்பத் வண்டியைக் கிளப்பினான். பின்னால் கொஞ்சம் காலி இடம், அப்புறம் பட்டறையின் மதில்.

"டேய் ஹாரன், பின்னாடி போ."

செங்கல்வராயன் மதிலோரம் போய், சற்று ஒதுங்கி நின்றான்.

"வர்லாம்."

சம்பத் கண்ணாடியைப் பார்க்கவில்லை. குரலைக் கேட்டே ஓட்டிப் பழகியவன்.

"வர்லாம், வர்லாம்."

மகளின் பேர் அவனைத் தாண்டிப் போயிற்று.

"வர்லாம்."

மோதிய சத்தத்தில் பட்டறைச் சுத்தியல்கள் எல்லாம் நின்றன. சம்பத் பதறி வண்டியை முன்னால் எடுத்தான். பின்கதவு அப்பளமாக நொறுங்கியிருந்தது. மதிலில் பாதிப் பேர் சிவப்பாக ஒட்டியிருந்தது, எழுத்தெல்லாம் திரும்பிக்கொண்டு.

எத்திராஜ் ஓடி வந்த வேகத்தில் செங்கல்வராயனின் கன்னத்தில் அறைந்தார்.

"ஓல்டான் சொல்றதுக்கு இன்னாடா? எங்கடா போயிருந்த?"

செங்கல்வராயன் நிதானமாகச் சொன்னான்.

"உங்களுக்கு வெத்தல வாங்கினு வரப் போயிருந்தேன் மொதலாளி."