பன்னிரண்டில் ஆறு காலி

“தீவுலேர்ந்து வர்ற விவரம் ஆறு பைட். ஆனா வர்றது பன்னிரண்டு பைட். மீதி ஆறை யார் மேடம் சாப்பிடறது?”

வேறு பிரிவிலிருந்து வந்திருந்த பாட்டரி பொறியாளர், காகிதத்தை அவள் மேசையில் வைத்தார். தீவிலுள்ள வானிலை நிலையத்தில் பாட்டரி வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. படகு போக இன்னும் இருபது நாள்.

“யாரும் சாப்பிடல சார். புரோகிராமை மெஷின் மொழிக்கு மாத்தற கம்பைலர் விடற இடைவெளி,” என்றாள் புரோகிராம் எழுதியவள். “முதல்ல காத்தோட திசை, ஒரு பைட். அடுத்து அழுத்தம், நாலு பைட். அந்த நாலு பைட் ஆசாமி, நாலால வகுபடற இடத்துலதான் உக்காருவாரு. அதனால நடுவுல மூணு காலி. கடைசியா ஈரப்பதம், ஒரு பைட். அதுக்குப் பின்னாடியும் மூணு காலி.”

“பெரிய ஆசாமியை முதல்ல உக்கார வச்சா?”

அவள் பாதி திறந்திருந்த இழுப்பறையைத் தள்ளி மூடினாள்.

“எட்டுல முடிஞ்சிரும்.”

“அப்புறம் ஏன் செய்யல?”

“நல்லா ஓடற புரோகிராம். கை வைக்க வேண்டாமேன்னு...”

அவருக்குச் சுருக்கென்றது. மூன்று வரிகளை இடம் மாற்ற இவ்வளவு பிகுவா?

“அங்க ஒரு மனுஷன் தனியா இருக்கான் மேடம். ஃபோன் கெட்டுப்போய் ரெண்டு வாரம். பாட்டரியும் செத்தா விளக்கில்ல, ஹீட்டரில்ல. நிமிஷத்துக்கு ஒரு தடவை வெறும் காலி இடத்தை அனுப்பி அவன் உயிரை வாங்கணுமா?”

அவள் முகம் வெளுத்தது. “எட்டானா இருபது நாள் தாங்குமா?”

“தாங்கும்.”

மறுபேச்சில்லாமல் மாற்றினாள்.

“எட்டுலயும் கடைசியா ரெண்டு காலி நிக்குதே. அதையும் வெட்டிடலாமே?”

“அதை மட்டும் விட்டுடுங்க சார்.” குரல் கெஞ்சியது. அவர் தோளைக் குலுக்கினார். புதிய புரோகிராம் தீவுக்குப் போனது.

சிறிது நேரத்தில் முதல் எட்டு பைட் வந்து திரையில் விழுந்தது. அழுத்தம், திசை, ஈரப்பதம். கடைசி இரண்டு கட்டங்களில் இரண்டு ஆங்கில எழுத்துகள். சேர்த்துப் படித்தால், ‘மா’.

“காலின்னு சொன்னீங்க?”

அவள் இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள். ஃபோன் கெட்ட இரண்டு வாரமாகத் தீவிலிருப்பவர் அந்த இடைவெளிகளில் நிரப்பி அனுப்பியதெல்லாம் ஆறு ஆறு ஆங்கில எழுத்தாக அதில் இருந்தது: ‘சாப்டியா’, ‘தூங்கு’, ‘அழாதே’.

“கல்யாணமான நாள்லேர்ந்து அவர் என்கிட்ட இவ்வளவு கம்மியா பேசினதே இல்ல சார்,” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.