ஜோடி சேர்த்தல்

பொஹுமில் வலைப்பெட்டியைத் திறக்கவில்லை. மூடியின் மேல் இடது கையை வைத்தபடி ஜன்னலைப் பார்த்தார்.

மழை விடுவதாக இல்லை.

பெட்டிக்குள் இரண்டு அப்பல்லோ பட்டாம்பூச்சிகள். வெள்ளைச் சிறகில் சிவப்புப் பொட்டு. ஊருக்கு மேலே இருக்கும் சுண்ணாம்புக் குன்றில் ஒரு காலத்தில் கூட்டமாகப் பறந்து, பிறகு ஒன்றுகூட இல்லாமல் போனவை. அவற்றை மறுபடியும் அங்கே கொண்டுபோய் விடத்தான் பொஹுமிலும் இன்னும் சிலரும் சம்பளமில்லாமல் வீட்டில் புழு வளர்க்கிறார்கள்.

இந்த வருடக் குளிரில் மற்றவர்கள் வீட்டுப் புழுக்கள் கறுத்துச் செத்தன. மிஞ்சியது இவரிடம் இருந்த ஒரு பெண்ணும் ஓர் ஆணும்தான்.

வெயில் அடித்தால் அவையே சேர்ந்துவிடும். வெயில் வரவில்லை. ஆணின் சிறகு ஓரமாகக் கிழியத் தொடங்கிவிட்டது. நாளை வரை தாங்குமா என்பதே சந்தேகம்.

இனிக் கையால்தான் சேர்த்து வைக்க வேண்டும். இரண்டையும் சிறகோடு பிடித்து, வயிற்று நுனிகளைத் தொட வைக்க வேண்டும். விரல் கொஞ்சம் தவறினாலும் நசுங்கிவிடும்.

போன வருடம் வரை இந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இப்போது அவருடைய வலது கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது. உள்ளேயே நடுங்கிக்கொண்டிருந்தது. பனி உருகும் சமயத்தில் தொடங்கிய நடுக்கம். யாரிடமும் சொல்லவில்லை. மனைவி மிலாடாவிடம்கூட.

அவள் அடுப்பில் பூண்டு சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவள். அவர் புழு வளர்க்க ஆரம்பித்ததிலிருந்து இந்தப் பெட்டிப் பக்கம் வந்ததே இல்லை. “புழுவா பொண்டாட்டியா, ஒண்ணை முடிவு பண்ணிக்கய்யா” என்பாள்.

“மிலாடா, கண்ணு மங்குது. கண்ணாடி மாத்தணும்போல. இதை நீ கொஞ்சம் பிடிக்கிறியா?”

கேட்ட பிறகுதான் உறைத்தது. கடைசி ஜோடி. பூச்சி என்றாலே முகம் சுளிக்கிறவளிடம் போய்க் கொடுக்கிறோமே.

“நான் தொட்டுச் செத்துச்சுன்னா ஊரே என்னைத் திட்டவா?” என்றபடி அவள் அடுப்பைக் குறைத்தாள். கை கழுவினாள். சோப்பைத் தொடவில்லை. விரல்களைத் துடைத்து, அடுப்புச் சூட்டில் காட்டி உலர்த்தினாள்.

எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்ல அவர் வாயெடுப்பதற்குள் அவள் பெட்டியைத் திறந்துவிட்டாள்; ஒரு கையில் பெண்ணும் மறு கையில் ஆணும் இருந்தன. மடங்கிய சிறகுகளை இரண்டு விரல்களுக்கு நடுவில், காகிதத்தைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தாள்.

நுனியும் நுனியும் தொட்டன. ஆண் வயிற்றைச் சுருட்டி விலக்கிக்கொண்டது.

அவள் அவசரப்படவில்லை. சற்றுப் பொறுத்து மறுபடி தொட வைத்தாள். விலகியது. மறுபடி.

கவ்விக்கொண்டது.

அவள் ஆணின் சிறகை விட்டாள். அது விழவில்லை. பெண்ணோடு சேர்ந்து தொங்கியது.

பொஹுமில் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

“இதை எங்க கத்துக்கிட்ட?”

“தோட்டத்துல. முட்டைக்கோசுல மொய்க்குதே வெள்ளைப் பூச்சி, அதை வச்சுத்தான். உன் கை ஆட ஆரம்பிச்சதுலேர்ந்து.”

அவர் வலது கையைப் பையிலிருந்து வெளியே எடுத்தார்.

மிலாடா கையிலிருந்த ஜோடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குரல் தணிந்தது.

“முதல்ல ஏழெட்டு என் கையிலயே செத்துப்போச்சுய்யா. அதான் உங்கிட்ட சொல்லல.”